மர விமானத்தின் மூக்கில் எந்த இன்ஜின்? நான்கு வழி இருக்கிறது, முடிவெடுக்க உதவுங்கள்

மரச்சிறகு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஆறு வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இருக்கை விமானம் இப்போதுதான் தன் சக்கரத்தில் நிற்கிறது. மரச் சட்டம், துணி போர்த்திய இறக்கை, வாலில் ஒரு சின்ன சக்கரம். அதிகபட்ச எடை 500 கிலோ. 65 முதல் 100 குதிரைத்திறன் வரை போடலாம் என்று வரைபடத்தில் இருக்கிறது. ஃபயர்வாலுக்கு (இன்ஜினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவில் உள்ள நெருப்புத் தடுப்புச் சுவர்) முன்னால் தொங்குவது எல்லாம் சேர்த்து 75 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும் என்றும் வடிவமைத்தவர் எழுதியிருக்கிறார்.

என் முன்னால் இருப்பவை இவை. 1100 மணி நேரம் ஓடிய ஒரு ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் விமான இன்ஜின். பழைய கான்டினென்டல் ஓ-200 விமான இன்ஜின் ஒன்று, ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது) ஆகி 400 மணி நேரம். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் இன்ஜினை 2180 சிசியாக மாற்றிக் கட்டுவது மூன்றாவது. நான்காவது, விபத்தில் நொறுங்கிய ஒரு காரிலிருந்து எடுத்த 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். 6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6000 சுற்று) 90 குதிரைத்திறன், இதுவரை 20,000 கிலோமீட்டர் கூட ஓடவில்லை.

தொழிலில் நான் கார் மெக்கானிக். அந்த நாலாவது இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவேன். மனசு அதன் பக்கம்தான் சாய்கிறது. தவறு என்றால் ஏன் என்று சொல்லுங்கள்.

---

தராசுத்தட்டு எழுதியது:

வாழ்த்துகள். ஆறு வருடம் மரத்தோடு மல்லுக்கட்டுவது சின்ன விஷயமில்லை.

இன்ஜின் பெயர்களைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் விமானத்துக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று பார்ப்போம். 500 கிலோவை நொடிக்கு 4 மீட்டர் மேலே தூக்க 500 × 9.81 × 4, அதாவது ஏறத்தாழ 19.6 கிலோவாட். ஏறும் வேகத்தில் காற்றின் இழுவையை வெல்ல இந்த அளவு விமானத்துக்கு இன்னும் 15 கிலோவாட் என்று வைப்போம். இரண்டும் சேர்ந்து 34.6. மாறாத கோணம் கொண்ட ப்ரொப்பல்லர் ஏறும்போது இன்ஜின் கொடுப்பதில் 65 சதவீதத்தைத்தான் இழுவிசையாக மாற்றும். அப்படியானால் ஷாஃப்டில் 53 கிலோவாட் வேண்டும், கிட்டத்தட்ட 72 குதிரைத்திறன்.

வெயில் நாளில் காற்றின் அடர்த்தி பத்து சதவீதம் குறைந்தால் இன்ஜின் சக்தியும் குறைந்தது அதே அளவுக்கு இறங்கும். 80 என்று வாங்கியது 72 ஆகிவிடும், கணக்கு விளிம்பில் நிற்கும். 100 இருந்தால் நிம்மதி. இரண்டு பேர் பறப்பதென்றால் 65 போதாது. நீங்கள் மட்டும் காலை நேரத்தில் பறப்பதானால் போதும்.

---

பட்டறைப்புகை எழுதியது:

தம்பி, நானும் கார் மெக்கானிக்தான். உங்கள் நாலாவது வழியில் நான் போய்விட்டுத் திரும்பியவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

90 குதிரைத்திறன் கார் சமதளச் சாலையில் நிதானமாகப் போகும்போது இன்ஜின் கொடுப்பது 15, 20 குதிரைத்திறன்தான். முழு சக்தி கேட்பது முந்தும்போது சில நொடிகள். விமானத்தில் புறப்படும்போது முழு சக்தி, அப்புறம் மணிக்கணக்கில் 65 முதல் 75 சதவீதம். கிராங்க்‌ஷாஃப்ட் அதைத் தாங்கிவிடும், நல்ல கார் இன்ஜின்கள் உறுதியானவை. அந்த வெப்பம் எங்கே போகும் என்பதுதான் கேள்வி. ஏறும்போது சக்தி உச்சத்தில், காற்றோட்டம் குறைவில். என் ரேடியேட்டரை மூன்று முறை இடம் மாற்றினேன். மூன்றாவது முறைதான் ஏறி முடிக்கும் வரை முள் சிவப்பைத் தொடாமல் இருந்தது.

அடுத்தது ப்ரொப்பல்லர். 1.7 மீட்டர் ப்ரொப்பல்லரை 5800 ஆர்பிஎம்மில் நேரடியாகச் சுற்றினால் அதன் நுனி நொடிக்கு 516 மீட்டர் வேகத்தில் போகும். ஒலியின் வேகமே 340. சக்தியெல்லாம் சத்தமாகப் போய்விடும். அதே ப்ரொப்பல்லர் 2400 ஆர்பிஎம்மில் சுற்றினால் நுனி வேகம் 214 மீட்டர். எனவே இடையில் வேகம் குறைக்கும் ஓர் அமைப்பு கட்டாயம் வேண்டும். ரைட் சகோதரர்கள் 1903-இல் பறந்ததே 12 குதிரைத்திறன் இன்ஜினைச் சங்கிலியும் பல்சக்கரமும் வைத்து மெதுவாக்கித்தான்.

அந்த இடத்தில்தான் நான் அடிபட்டேன். நாலு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உதைக்கிறது. காரில் கனமான ஃப்ளைவீல், கிளட்ச் ஸ்பிரிங், கடைசியில் டயரின் ரப்பர் எல்லாம் சேர்ந்து அந்த உதையை விழுங்கிவிடும். விமானத்தில் ஒரு முனையில் இன்ஜின், மறு முனையில் பெரிய ப்ரொப்பல்லர், நடுவில் முறுக்கிக்கொண்டு திரும்பும் ஒரு ஷாஃப்ட். ஏதோ ஓர் ஆர்பிஎம்மில் உதையும் முறுக்கும் ஒத்துப்போய் ஒன்றையொன்று தூக்கிவிடும். நான் கட்டியதில் அது 1500 பக்கம் வந்தது. காக்பிட்டில் கால் கூசுகிற மாதிரி ஓர் அதிர்வு, அவ்வளவுதான் தெரிந்தது. தரையில் வைத்து 38 மணி நேரம் ஓட்டியபின் இணைப்பைக் கழற்றினேன். போல்ட் துளையிலிருந்து துளைக்கு, மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. நகத்தால் தடவினால்தான் தெரியும். அதோடு பறந்திருந்தால் என்று யோசித்து அன்றிரவு நான் தூங்கவில்லை.

கார் இன்ஜினே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேகம் குறைக்கும் அமைப்போடு சேர்த்துப் பல நூறு மணி நேரம் பறந்து காட்டிய ஒரு தொகுப்பை அப்படியே எடுத்துப் போடலாம். நாமே முதல் ஆளாக வடிவமைத்தால் விமானத்தோடு கூட ஓர் ஆராய்ச்சியையும் கையில் எடுக்கிறோம்.

---

மரச்சிறகு எழுதியது:

அண்ணா, அந்த விரிசல் விஷயம் வயிற்றைப் பிசைகிறது. ஆனால் ஒரு கேள்வி. அமெரிக்காவில் பீட்டன்போல் என்பவர் 1929-இலேயே ஃபோர்ட் மாடல் ஏ கார் இன்ஜினை மாட்டித் தன் ஏர் கேம்பர் விமானத்தைப் பறக்கவிட்டாரே? பின்னால் கார்வேர் கார் இன்ஜினையும் போட்டாரே?

---

பழையமேக்னெட்டோ எழுதியது:

நல்ல கேள்வி. அந்த மாடல் ஏ இன்ஜின் 3.3 லிட்டர், கொடுத்தது 40 குதிரைத்திறன். மெதுவாகச் சுற்றியது, கியர் எதுவும் இல்லாமல் பெரிய ப்ரொப்பல்லரை நேரடியாகத் திருப்பியது. நீங்கள் வைத்திருக்கும் 1.3 லிட்டர் தன் 90-ஐ எட்டுவது 6000-இல். இரண்டும் கார் இன்ஜின்தான், ஆனால் சுபாவம் வேறு.

கான்டினென்டல் ஓ-200-உம் அந்த மாடல் ஏ அளவுதான், 3.3 லிட்டர். 2750 ஆர்பிஎம்மில் 100 குதிரைத்திறன். லிட்டருக்கு 30 குதிரைத்திறன் என்றால் கார்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். அந்த மந்தம்தான் அதன் பலம். ப்ரொப்பல்லர் நேராக கிராங்க்கில் உட்காருகிறது, காற்றில் குளிர்கிறது, தாமே மின்சாரம் உண்டாக்கும் இரண்டு மேக்னெட்டோ தனித்தனியாகத் தீப்பொறி தருகின்றன. பேட்டரி செத்தாலும் ஓடும். செஸ்னா 150 ஆயிரக்கணக்கில் இதை வைத்துக்கொண்டுதான் மாணவர்களின் கையில் அடிவாங்கியது.

இந்தக் கேள்வியை உங்கள் கார் இன்ஜினிடமும் கேளுங்கள். ஆல்டர்னேட்டர் நின்றால் கம்ப்யூட்டர், பெட்ரோல் பம்ப், தீப்பொறி மூன்றும் எத்தனை நிமிடம் உயிரோடிருக்கும்? இரண்டாவது பேட்டரி, இரண்டாவது பம்ப் என்று போட்டால் அதற்கும் எடை உண்டு.

ஓ-200-இல் பயப்பட வேண்டியது கார்புரேட்டர் ஐஸ். 20 டிகிரி வெயிலிலும் காற்றில் ஈரம் இருந்தால் தொண்டைக்குள் ஐஸ் கட்டும், பெட்ரோல் ஆவியாகும்போது அங்கே வெப்பம் அப்படி இறங்குகிறது. கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட் நெம்புகோலைத் தயங்காமல் இழுக்கும் கை வேண்டும்.

---

பீட்டில்பிரியன் எழுதியது:

ஃபோக்ஸ்வாகனுக்குப் பேச ஆளில்லை என்பதால் நான் வருகிறேன். எத்தனையோ ஒற்றை இருக்கை விமானங்கள் இதில்தான் பறக்கின்றன. கியர் இல்லை, ரேடியேட்டர் இல்லை, 3400 ஆர்பிஎம்மில் 1.35 மீட்டர் ப்ரொப்பல்லரை நேராகச் சுற்றலாம். ஒவ்வொரு நட்டையும் நீங்களே முறுக்கியிருப்பீர்கள் என்பதால் அது முனகினால் எங்கே முனகுகிறது என்று தெரியும். அந்த அறிமுகத்துக்கு விலையே கிடையாது.

ஆனால் உங்கள் 500 கிலோவுக்கு நானே இதைச் சொல்ல மாட்டேன். 2180 சிசி என்றால் 76 குதிரைத்திறன் வரை பேசுவார்கள், அது சில நிமிடங்களுக்குத்தான். அந்தச் சிலிண்டர் ஹெட்டின் குளிர்விக்கும் தகடுகளால் நீண்ட நேரம் வெளியேற்ற முடிகிற வெப்பம் 55 குதிரைத்திறனை ஒட்டியே நின்றுவிடும். மேலே பிழிந்தால் எக்ஸாஸ்ட் வால்வு போகும். ஒற்றை இருக்கை, 300 கிலோ என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதையே போடச் சொல்லியிருப்பேன்.

---

குட்டிச்சிறகன் எழுதியது:

ரோட்டாக்ஸ் 582 பற்றி யாரும் பேசவில்லையே? டூ ஸ்ட்ரோக், எடை குறைவு, 64 குதிரைத்திறன்.

---

பட்டறைப்புகை எழுதியது:

@குட்டிச்சிறகன், மிக இலகு விமானத்தில் அது நல்ல இன்ஜின். ஓவர்ஹாலுக்கு முன் 300 மணி நேரம்தான், பெட்ரோலும் நிறையக் குடிக்கும். சூடேறாமல் விசையைத் திறந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இந்த எடைக்கு வேண்டாம்.

---

தராசுத்தட்டு எழுதியது:

எடைக்கு வருவோம், ஏனென்றால் முடிவு அங்கேதான் விழும் என்று நினைக்கிறேன்.

912 யூஎல்எஸ், ரேடியேட்டர், தண்ணீர், எண்ணெய் டேங்க், எக்ஸாஸ்ட் எல்லாம் சேர்த்து 78 கிலோ பக்கம் வரும். ஓ-200 ஸ்டார்ட்டர், ஜெனரேட்டர், காற்றைச் சிலிண்டர் மேல் திருப்பும் பாஃபிள் தகடுகள் சேர்த்தால் 100-ஐத் தொடும். கார் இன்ஜின், வேகம் குறைக்கும் அமைப்போடு 115-க்குக் குறையாது.

ஓ-200-ஐப் பார்ப்போம். வரைபடத்தைவிட 25 கிலோ அதிகம், அதுவும் ஈர்ப்பு மையத்துக்கு 1.2 மீட்டர் முன்னால். 25 × 1.2 = 30. அதை 500-ஆல் வகுத்தால் மையம் 6 சென்டிமீட்டர் முன்னால் போகிறது. இறக்கையின் அகலம் 1.4 மீட்டர் என்றால் அந்த மையம் முன்னும் பின்னும் நகர அனுமதிக்கப்பட்ட மொத்த இடைவெளியே 18 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். மூன்றில் ஒரு பங்கு இன்ஜினுக்கே போய்விட்டது. இறங்கும்போது வாலை அமுக்க எலிவேட்டர் (வாலில் மேலும் கீழும் அசையும் பலகை) போதாமல் திணறும்.

சரி, வாலில் எடை வைத்துச் சமன் செய்யலாம் என்றால் 3.8 மீட்டர் பின்னால் 8 கிலோ ஈயம். மொத்தம் 33 கிலோ வீண். அது 45 லிட்டர் பெட்ரோலின் எடை, இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பறப்பு. எடை வைக்காமல் இன்ஜினைத் தாங்கும் சட்டமான மவுண்ட்டைச் சுருக்கி இன்ஜினைப் பின்னால் தள்ளலாமா? 30 சென்டிமீட்டர் தள்ள வேண்டும். அங்கே உங்கள் கால் இருக்கிறது.

---

பழையமேக்னெட்டோ எழுதியது:

ஓ-200-ஐ மனசார நேசிக்கிறவன் நான். ஆனால் இந்தக் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை. வடிவமைத்தவர் 75 என்று எழுதியிருந்தால் 75 தான். மரச்சிறகு, ஓ-200-ஐ விட்டுவிடுங்கள்.

---

மரச்சிறகு எழுதியது:

நன்றி ஐயா, நன்றி தராசுத்தட்டு. நேற்று இரவு நானே வரைபடத்தில் அளந்து பார்த்தேன், 6 சென்டிமீட்டர் சரியாகத்தான் வருகிறது. அப்படியானால் ரோட்டாக்ஸ். ஆனால் 1100 மணி நேரம் ஓடியது என்பது பயமாக இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

---

கடகடசத்தம் எழுதியது:

நான் பன்னிரண்டு வருடமாக 912-தான் ஓட்டுகிறேன்.

முதலில் மணி நேரத்தை விடுங்கள், வரிசை எண்ணையும் பிறந்த வருடத்தையும் கேளுங்கள். இன்றைய 912-க்கு ஓவர்ஹால் இடைவெளி 2000 மணி நேரம் அல்லது 15 வருடம், எது முதலில் வருகிறதோ அது. பழைய வரிசை எண்களுக்கு அதைவிடக் குறைவு. 1100 மணி நேரம் ஓடி 17 வயதான இன்ஜினும், 1100 ஓடி 6 வயதான இன்ஜினும் ஒன்றல்ல. சும்மா கிடந்த இன்ஜின் உள்ளே துருப்பிடிக்கும், ஓடிய இன்ஜினைவிட எனக்கு அதுதான் சந்தேகம்.

ரப்பர் குழாய்கள் எல்லாம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியவை. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று லாக்புக்கில் காட்டச் சொல்லுங்கள். எண்ணெய் ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். காந்தப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சாம்பல் பசை மாதிரி கொஞ்சம் ஒட்டியிருந்தால் பரவாயில்லை, விரலில் குத்துகிற சில்லு இருந்தால் கிளம்பி வந்துவிடுங்கள். ஈயம் கலந்த விமானப் பெட்ரோலான ஏவ்கேஸிலேயே ஓடியதா என்றும் கேளுங்கள். இந்த இன்ஜினில் கியர்பாக்ஸுக்கும் அதே எண்ணெய்தான், ஈயக் கசடு அங்கே போய்ச் சேரும். ப்ரொப்பல்லர் எப்போதாவது தரையில் தட்டியதா என்பதை நேருக்கு நேர் கேளுங்கள்.

கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றி மிதவைகளைத் தராசில் வையுங்கள். ஒரு கிண்ணத்தின் இரண்டு மிதவையும் சேர்ந்து 7 கிராமுக்கு மேல் போகக் கூடாது. பெட்ரோலைக் குடித்துக் கனத்துப்போன மிதவை மூழ்கும், கார்புரேட்டர் வழியும்.

அப்புறம் வாழ்க்கை முறை. எண்ணெய் அளவு பார்க்கும் முன் இக்னிஷன் அணைந்திருப்பதை உறுதி செய்துவிட்டு, ப்ரொப்பல்லரை அது ஓடும் திசையில் கையால் மெதுவாகத் திருப்ப வேண்டும். பத்துப் பதினைந்து சுற்று திருப்பியதும் டேங்கிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வரும், குழந்தை ஏப்பம் விடுவது மாதிரி. கிராங்க்கேஸில் தங்கியிருந்த எண்ணெய் எல்லாம் டேங்குக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் அளவுக் குச்சி காட்டுவது உண்மை. ஒவ்வொரு காலையும் அந்தச் சத்தம் வரும்வரை நான் ஹாங்கரில் வேறு எதையும் தொடமாட்டேன். இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு உறிஞ்சுகிறதா என்று அளந்து சமன் செய்யப் பழகுங்கள், இல்லாவிட்டால் குறைந்த வேகத்தில் கியர்பாக்ஸ் நடுங்கும். 1800-க்குக் கீழே நான் ஓடவிடுவதே இல்லை. 5800 ஐந்து நிமிடம்தான், அப்புறம் 5500-க்கு இறக்கிவிடுங்கள்.

---

வயல்இறங்கி எழுதியது:

ஓரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். எந்த இன்ஜின் என்று நிறையப் பேசிவிட்டீர்கள், அதற்குப் பெட்ரோல் போகும் வழியைப் பற்றியும் ஒருவர் சொல்லியாக வேண்டும்.

என்னுடையதும் 912. நல்ல இன்ஜின், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஒரு மதியம் இறங்கி, இருபது நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி புறப்பட்டேன். 60 மீட்டர் உயரத்தில் சத்தம் மெலிந்தது. ஒரு மூச்சு திரும்பி வந்தது, மறுபடி மெலிந்தது. மூக்கைக் கீழே தள்ளி நேர் எதிரே இருந்த வயலில் இறக்கினேன். சக்கரம் ஒன்று மடங்கியது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

காரணம் நான் பதித்த பெட்ரோல் குழாய். எக்ஸாஸ்ட்டிலிருந்து மூன்று விரல் தள்ளிப் போயிருந்தது, உறை கிடையாது. பறக்கும்போது காற்று குளிர்வித்ததால் தெரியவில்லை. நின்ற இருபது நிமிடத்தில் இன்ஜின் மூடிக்குள் வெப்பம் தேங்கி, குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டது. கார் பெட்ரோல் ஏவ்கேஸைவிடச் சீக்கிரம் ஆவியாகும். இப்போது குழாய்க்கு நெருப்புத் தாங்கும் உறை, பம்புக்குக் குளிர்ந்த காற்று வர ஒரு தனிக் குழல், ஆவி டேங்குக்கே திரும்பிப் போக ஒரு ரிட்டர்ன் லைன். அன்றிலிருந்து ஒருமுறைகூட மெலியவில்லை.

தம்பி, தயவுசெய்து மூக்கைத் தூக்கி வைத்துப் பெட்ரோல் ஓட்ட அளவு சோதனை செய்யுங்கள். பம்ப் வழியாக வரும் அமைப்பு என்றால் புறப்படும்போது இன்ஜின் குடிப்பதைப் போல 125 சதவீதம் வர வேண்டும். டேங்க் உயரத்திலிருந்து தானாக இறங்கி வருவதென்றால் 150.

---

மரச்சிறகு எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன்.

முதலில் சொன்ன ரோட்டாக்ஸை வாங்கவில்லை. கேட்டுப் பார்த்ததில் அதற்கு 18 வயது, ரப்பர் மாற்றியதற்கு லாக்புக்கில் ஒரு வரி கூட இல்லை. இன்னொன்று தேடினேன். 640 மணி நேரம், எட்டு வயது, ஒவ்வொரு எண்ணெய் மாற்றமும் தேதியோடு எழுதப்பட்டிருந்தது. மிதவைகள் ஒரு பக்கம் 6.2 கிராம், மறு பக்கம் 6.4. காந்தப் பிளக்கில் பசை மட்டும்தான். வாங்கிவிட்டேன். கார் இன்ஜினை ஒரு தொழிற்பயிற்சி நிலையத்துக்குக் கொடுத்துவிட்டேன், பிள்ளைகள் பிரித்துப் படிக்கட்டும்.

மவுண்ட்டில் ஏற்றியாயிற்று. நேற்று பெட்ரோல் ஓட்டச் சோதனை. இன்ஜின் 5800-இல் மணிக்கு 27 லிட்டர் குடிக்கும் என்பதால் 34 வர வேண்டும். மூக்கு ஏறும் கோணத்தைவிடக் கொஞ்சம் கூடத் தூக்கி, டேங்கில் அடிமட்டம் மட்டும் பெட்ரோல் வைத்து, கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி அளவு போட்ட வாளியில் விட்டேன். பத்து நிமிடத்தில் 4.9 லிட்டர். மணிக்கு 29 தான்! சமதளத்தில் வைத்துப் பார்த்தபோது தாராளமாக வந்துகொண்டிருந்தது.

குழாயை ஒவ்வொரு துண்டாகப் பிரித்துப் பார்த்தேன். டேங்குக்குக் கீழே நான் போட்டிருந்த செங்கோண முழங்கையின் உள்துளை, குழாயின் துளையில் பாதிதான். வெளியே பார்த்தால் ஒரே அளவு. வளைவான இணைப்பாக மாற்றி, மறுபடி மூக்கைத் தூக்கினேன். பத்து நிமிடத்தில் 6.3 லிட்டர். வயல்இறங்கி அண்ணா, உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

---

வயல்இறங்கி எழுதியது:

மணிக்கு 37.8. ரொம்ப சந்தோஷம் தம்பி. எக்ஸாஸ்ட்டுக்கும் குழாய்க்கும் இடைவெளி எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? மூடியைப் போடும் முன் ஒரு படம் போடுங்கள்.

---

தராசுத்தட்டு எழுதியது:

அடுத்தது எடை போடுவதுதானே? பறக்கும் நிலைக்கு வாலைத் தூக்கி மட்டம் பார்த்து வைத்துவிட்டு, மூன்று சக்கரத்தின் எண்ணையும் இங்கே போடுங்கள். எண்ணெயும் தண்ணீரும் ஊற்றியபின் எடுங்கள், மறந்துவிட வேண்டாம்.